நாய்க்கு இன்சூரன்ஸ் போட்டால் ஊசிக்கும் காசு வருமா? திருகோணமலையில் முதன்முதலாக நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு

போன கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு நாய்க்குட்டியைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு வந்து நின்றான். உவர்மலை ஏற்றத்தில் வடிகான் ஓரமாகக் கிடந்ததாம். ஆறு, ஏழு கிழமை இருக்கும். வயிறு மட்டும் பானை மாதிரி, மற்றதெல்லாம் எலும்பு. குட்டியைத் தரையில் விட்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “அக்கா, இதுக்கு ஒரு இன்சூரன்ஸ் போட்டுவிட்டா ஊசி, பூச்சி மருந்து எல்லாத்துக்கும் அவங்களே காசு தருவாங்களா?”

பெரும்பாலும் தரமாட்டார்கள், தம்பி. ஆனால் ஊசி போடாமல் விட்டால், தரவேண்டிய காசையும் தராமல் விடுவார்கள். இந்த இரண்டு வசனமும் விளங்கிவிட்டால் செல்லப்பிராணிக் காப்புறுதியில் பாதி விளங்கிய மாதிரி. மீதிப் பாதியை அவனுக்கு வாசற்படியில் இருந்து சொன்னேன். அதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நீங்கள் இங்கே ஒரு முகவரிடம் விசாரிக்கிறவராக இருக்கலாம், வெளிநாட்டில் நாய் வளர்க்கும் பிள்ளைக்கோ தங்கச்சிக்கோ யோசனை சொல்கிறவராகவும் இருக்கலாம். பார்க்க வேண்டிய விஷயங்கள் ஒன்றுதான்.

முதலில் செலவை இரண்டாகப் பிரியுங்கள்

மோட்டார் சைக்கிளுக்கு ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருப்பீர்கள். கந்தளாய் வீதியில் மாடு குறுக்கே வந்து விழுந்தால் கொம்பனி காசு தரும். ஒயில் மாற்றவோ, சேர்விஸ் போடவோ, தேய்ந்த டயர் மாற்றவோ தராது. விபத்து வருமா வராதா என்பது யாருக்கும் தெரியாது, ஆனால் ஒயில் மாற்றும் நாள் எல்லோருக்கும் தெரியும். எப்போது வரும் என்று தெரியாத செலவைப் பலபேர் சேர்ந்து பகிர்ந்துகொள்வதுதான் காப்புறுதி.

நாய், பூனைக்கும் இதே கணக்குத்தான். வாகனம் அடிப்பது, எலும்பு தொண்டையில் சிக்குவது, திடீர்க் காய்ச்சல், கட்டி எல்லாம் காப்புறுதியின் பக்கம். தடுப்பூசி, பூச்சிக் குளிசை, உண்ணி மருந்து, வருடாந்தப் பரிசோதனை, கருத்தடைச் சத்திரசிகிச்சை, பல் சுத்தம் செய்தல் எல்லாம் உங்கள் பக்கம். சாதாரண விபத்து, நோய்க் காப்புறுதிப் பத்திரத்தில் இவை ‘விலக்குகள்’ என்ற தலைப்பின் கீழே வரிசையாக இருக்கும். இவற்றுக்கும் காசு வேண்டுமென்றால், அநேகமான நாடுகளில் அடிப்படைக் காப்புறுதிக்கு மேலே ஒரு மேலதிகத் திட்டத்தைத் தனியாக வாங்கவேண்டும். வெல்னஸ் திட்டம் என்பார்கள். அது லாபமா நட்டமா என்று பிறகு பார்ப்போம்.

கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு மாட்டுக் காப்புறுதி பழக்கமாக இருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்காதீர்கள். அதன் முக்கிய நோக்கம், மாடு செத்துப்போனால் நட்டஈடு கொடுப்பது. இது உயிரோடு இருக்கும்போது வைத்தியச் செலவைப் பார்ப்பது.

இரண்டாவது: அட்டை

காப்புறுதிப் படிவத்தைத் தேடுவதற்கு முன்னால் தடுப்பூசி அட்டை ஒன்றைக் கையில் எடுங்கள். மிருக வைத்தியர் முதல் ஊசி போடும்போது தருவார். ஊசி போட்டு முடிந்ததும் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மருந்துக் குப்பியில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பி எடுத்து அட்டையில் ஒட்டுவார். அதில் மருந்தின் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி மூன்றும் இருக்கும். பக்கத்தில் திகதி போட்டு, அடுத்த ஊசித் திகதியையும் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைப்பார். அந்த விரல் நீளக் கடதாசிதான் நீங்கள் கடமையைச் செய்தீர்கள் என்பதற்கு முக்கியச் சாட்சி. ஸ்டிக்கர் ஒட்டாமல் விட்டால் கேட்டு ஒட்டுவித்துக்கொண்டு வாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஃபார்மசியில் மருந்தை வாங்கி, தெரிந்த ஒருவரைக் கொண்டு வீட்டிலேயே குத்திவிடும் வழக்கமும் இருக்கிறது. வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இந்த ஊசி மருந்துகள் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கவேண்டியவை. நம் ஊர் வெய்யிலில் ஒரு ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு பாலையூற்றிலிருந்து நிலாவெளி வரைக்கும் போனால் உள்ளே இருப்பது வெறும் தண்ணீர் மாதிரித்தான். கையெழுத்தும் முத்திரையும் இல்லாததால் காப்புறுதிக் கொம்பனிக்கும் அது ஊசியே இல்லை.

மார்கழி மழையில் கூரை ஒழுகி என்னுடைய பழைய அட்டை ஒன்று ஊறிப்போனது. மை கலைந்து, மூன்று வருடக் கணக்கு நீலக் கறையாகிவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு ஊசியும் போட்டு வந்த அன்றைக்கே அட்டையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பி வைக்கிறேன். இரண்டு நிமிட வேலை.

மூன்றாவது: உங்கள் பக்கத்துச் செலவைத் தெரிந்துகொள்ளுங்கள்

இது தெரியாமல் எந்தத் திட்டத்தையும் எடைபோட முடியாது. ஒரு சீஆர் கொப்பியை எடுங்கள். முதல் வருடத்துக்கு ஒரு பக்கம், இரண்டாம் வருடத்திலிருந்து வேறொரு பக்கம்.

குட்டி நாய்க்குப் பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய உயிர்கொல்லி வைரஸ் நோய்களுக்கான கூட்டு ஊசி 6 முதல் 8 கிழமைக்குள் தொடங்கும். அங்கிருந்து 2 முதல் 4 கிழமைக்கு ஒருமுறை, குட்டிக்கு 16 கிழமை ஆகும்வரை அல்லது அதைத் தாண்டும்வரை போடவேண்டும். ஏன் இத்தனை தரம் என்று எல்லோரும் கேட்பார்கள். தாயின் சீம்பாலில் குட்டிக்குக் கிடைத்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தையும் அது எதிரி என்று நினைத்து அழித்துவிடும். அந்தச் சக்தி ஒரு குட்டிக்கு 8 கிழமையில் தீரும், இன்னொன்றுக்கு 14 கிழமையில் தீரும். எப்போது தீர்கிறது என்பது வெளியே தெரியாது. அதனால்தான் விட்டு விட்டுப் போட்டுக்கொண்டே போகிறோம். 16 கிழமையில் போடும் ஊசிதான் பெரும்பாலான குட்டிகளில் நிச்சயமாகப் பிடிக்கும்.

இதை நான் தெரிந்துகொண்ட விதம் நல்லதல்ல. என்னுடைய முதல் நாய் ராமுவுக்கு 7 கிழமையில் ஒரு ஊசி போட்டேன். ‘ஊசி போட்டாச்சு’ என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். 11 கிழமையில் சாப்பிட மறுத்தான். அன்றிரவு வாந்தி, விடிய இரத்தமாகப் போனது. பார்வோ. நாலாம் நாள் என் மடியிலேயே போய்விட்டான். அப்போது எனக்குக் காப்புறுதி எதுவும் கிடையாது. இருந்திருந்தாலும், பாதியில் நிறுத்திய ஊசி அட்டையைப் பார்த்தால் கொம்பனி காசு தந்திருக்காது. காசு போகட்டும், அந்த இரண்டாவது ஊசிக்கு ஒரு தரம் ஓட்டோ பிடித்துப் போயிருந்தால் அவன் இருந்திருக்கலாம்.

சரி, கொப்பிக்கு வருவோம். கூட்டு ஊசிக்குப் பிறகு 6 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் இடையில் இன்னொன்று. விசர் நோய்த் தடுப்பூசி வழமையாக 12 கிழமையில், அப்புறம் வருடம் ஒருமுறை. விசர் ஊசியை அரசாங்கமே ஊர் ஊராக வந்து இலவசமாகப் போடும் நாட்கள் உண்டு. அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் அல்லது உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் திகதி சொல்வார்கள். அதனால் அந்த வரிக்கு நேரே சுழியம் போடலாம். ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஊர் முகாமில் போடுவது விசர் ஊசி மட்டும். பார்வோவுக்கான ஊசி வேறு. ‘போன மாதம் ரோட்டில வந்து போட்டவங்கதானே’ என்று சொல்லிப் பார்வோவில் குட்டியைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும். முகாமில் தரும் துண்டையும் பத்திரமாக அட்டைக்குள் வையுங்கள். உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால், கடிபட்டவரிடம் ஆஸ்பத்திரியில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று ‘நாய்க்கு ஊசி போட்டதா’ என்பதுதான்.

எலிக்காய்ச்சல் ஊசி நம் மாவட்டத்துக்கு மிக முக்கியம். ஐப்பசியில் வாடைமழை தொடங்கினால் தை வரைக்கும் வயலும் முற்றமும் ஈரம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் நாய் நடக்கும், குடிக்கும். நாய்க்கு வந்தால் வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றலாம். முதலில் 2 முதல் 4 கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி, அப்புறம் ஒவ்வொரு வருடமும் ஒன்று. பலருக்கு இது தெரியாது. கூட்டு ஊசியின் பார்வோ, டிஸ்டெம்பர் பகுதிக்கு வளர்ந்த நாயில் 3 வருட இடைவெளி போதும் என்று வைத்தியர் சொல்லலாம், எலிக்காய்ச்சல் ஊசிக்கு அந்தச் சலுகை இல்லை. நான் புரட்டாதிக்குள் போட்டு முடித்துவிடுவேன், மழைக்கு முன்னால்.

பூச்சி மருந்து: 2 கிழமை வயதில் தொடங்கி இரண்டு கிழமைக்கு ஒருதரம் 8 கிழமை வரை, பிறகு மாதம் ஒருதரம் 6 மாதம் வரை, அதற்குப் பிறகு 3 மாதத்துக்கு ஒருதரம். தம்பியின் குட்டிக்கு வயிறு பானை மாதிரி இருந்தது சாப்பாட்டால் அல்ல.

உண்ணிக்கும் தெள்ளுக்கும் வருடம் முழுக்கச் செலவு இருக்கிறது, கச்சான் காற்று அடிக்கும் காய்ந்த மாதங்களில் இன்னும் கூட. உண்ணிக் காய்ச்சல் வந்த நாயின் வைத்தியச் செலவோடு ஒப்பிட்டால் மாத மருந்து மலிவு. பூனை இருக்கும் வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை: நாய்க்கு முதுகில் விடும் பேர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைக்கு விட்டால் பூனை செத்தே போகலாம். பூனைக்கு உரியது என்று பெட்டியில் எழுதியிருக்காவிட்டால் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

கருத்தடை ஒப்பரேசன் முதல் வருடத்தின் பெரிய செலவு. ஏறக்குறைய 6 மாதத்தில் வைத்தியரிடம் பேசுங்கள், பெரிய சாதி நாய்களுக்குக் கொஞ்சம் பிந்தச் சொல்லலாம். பெட்டை நாய்க்கு இதைச் செய்யாமல் விட்டால் பின்னாளில் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து இருக்கிறது. அப்போது அதே ஒப்பரேசனை நடு இரவில், காய்ச்சலோடு, பல மடங்கு செலவில் செய்யவேண்டி வரும்.

இந்த வரிகளுக்கு நேரே உங்கள் வைத்தியர் சொல்லும் விலைகளை எழுதிக் கூட்டுங்கள். முதல் வருடத் தொகையும் இரண்டாம் வருடத் தொகையும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். இரண்டாம் வருடத் தொகையைப் பன்னிரண்டால் பிரித்து மாதம் மாதம் ஒரு டின்னில் போட்டுவைத்தாலே வழமைச் செலவு முடிந்துவிடும். என் வீட்டில் அதற்கு ஒரு பழைய மில்க்மெய்ட் டின் இருக்கிறது.

நான்காவது: பத்திரத்தில் எங்கே வாசிப்பது

முகவர் தரும் வண்ணக் கடதாசியை ஓரமாக வைத்துவிட்டு முழுப் பத்திரத்தையும் கேளுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளக்கி எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ எழுத்தில் வரட்டும்.

காத்திருப்புக் காலம் எத்தனை நாள் என்று பாருங்கள். நோய்க்கு 14 நாள் என்பது பல நாடுகளில் வழமை. அந்த 14 நாளுக்குள் நாய்க்கு வருத்தம் வந்தால் அது ‘முன்பே இருந்த நோய்’ ஆகிவிடும். இந்தச் சொல் மிகப் பாரமானது. வைத்தியரின் பதிவேட்டில் ஒருதரம் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று ஏறிவிட்டால், அதற்குப் பிறகு வாங்கும் காப்புறுதி உண்ணிக் காய்ச்சலுக்குத் தராமல் போகலாம். காப்புறுதி வாங்குவதென்று முடிவெடுத்தால் நாய் துள்ளி விளையாடும்போதே வாங்கவேண்டும், படுத்த பிறகு அல்ல.

அடுத்தது நிபந்தனைகள் பகுதி. ‘வைத்தியர் பரிந்துரைத்த தடுப்பூசிகள் தவறாமல் போடப்பட்டிருக்க வேண்டும்’ என்ற கருத்தில் ஒரு வரி இருக்கும். தடுப்பூசியால் தடுத்திருக்கக்கூடிய நோய்க்கு, தடுப்பூசி தவறியிருந்தால் காசு இல்லை என்பது அதன் அர்த்தம். லண்டனில் இருக்கும் என் தங்கச்சிக்கு இதிலேயே வேறொரு பாடம். அவளுடைய நாய்க்குப் பல்வேரில் சீழ் பிடித்து இரண்டு பல் பிடுங்கினார்கள். பல் நோய்க்குக் காப்புறுதி உண்டு என்று நம்பி பில்லை அனுப்பினாள், திருப்பி அனுப்பிவிட்டார்கள். ‘அக்கா, ஊசியெல்லாம் ஒழுங்காப் போட்டனான், ஏன் தரமாட்டாங்களாம்?’ என்று அழாத குறையாகக் கேட்டாள். பத்திரத்தை எனக்கு அனுப்பச் சொல்லி இரண்டு பேரும் தொலைபேசியில் வரி வரியாக வாசித்தோம். பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது: வருடம் ஒருமுறை வைத்தியர் பல்லைப் பரிசோதித்த பதிவு இருந்தால்தான் பல் நோய்க்கு உரிமை. அந்தப் பரிசோதனை அவள் கைக்காசில் செய்யவேண்டியது. ஒரு வருடம் விட்டுவிட்டாள்.

தடுப்பு வேலைக்கு அவர்கள் காசு தராவிட்டாலும் அதைச் செய்தீர்களா என்று பார்ப்பார்கள். ஆகவே விலக்குகள் பக்கத்தையும் நிபந்தனைகள் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். இரண்டிலும் ஒரே சொல் வந்தால் அதை வட்டமிடுங்கள். அவைதான் நீங்கள் கைக்காசில் தவறாமல் செய்யவேண்டியவை.

எக்செஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் (கொம்பனியிடம் காசு கேட்டு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு தரமும்) முதலில் நீங்கள் போடவேண்டிய தொகை, எவ்வளவு? மீதியில் எத்தனை வீதம் தருவார்கள்? எதை முதலில் கழிக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. உதாரணத்துக்கு பில் 40,000 ரூபாய், எக்செஸ் 5,000, தருவது 80 வீதம் என்று வையுங்கள். எக்செஸை முதலில் கழித்தால் 35,000இல் 80 வீதம், கையில் வருவது 28,000. வீதத்தை முதலில் போட்டால் 32,000இலிருந்து 5,000 கழித்து 27,000. பில்லும் பத்திரமும் ஒன்றுதான், ஆயிரம் ரூபாய் வித்தியாசம்.

ஒரே வேலை, இரண்டு பெயர்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு வேலை ‘வழமையானது’ என்பதும் ‘வைத்தியம்’ என்பதும் அந்த வேலையைப் பொறுத்தது அல்ல, ஏன் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது.

நல்ல சுகமாக இருக்கும் நாய்க்கு வருடாந்தம் எடுக்கும் இரத்தப் பரிசோதனை வழமையானது, காசு வராது. மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்த நாய்க்கு எடுக்கும் அதே பரிசோதனை நோயறியும் வேலை, காசு வரலாம். கருப்பையை எடுக்கும் ஒப்பரேசனும் அப்படித்தான். குட்டி போடாமல் இருக்கச் செய்தால் வழமையானது, சீழ் பிடித்ததால் செய்தால் வைத்தியம். ஊத்தை எடுத்துப் பல் சுத்தம் செய்வது வழமையானது, கல்லைக் கடித்து உடைந்த பல்லைப் பிடுங்குவது விபத்து. அழகுக்காக வால் வெட்டுவது, காது வெட்டுவது, முடி வெட்டுவது எதிலும் சேராது. வால், காது வெட்டுவதைத் தயவுசெய்து யாரும் செய்யவும் வேண்டாம், அந்தப் பிராணிக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

ஆகவே பில்லில் ‘பரிசோதனை’ என்று மட்டும் இருந்தால் கிளெய்ம் நிற்கும். என்ன அறிகுறிக்காக, என்ன சந்தேகத்தில் செய்தது என்பதையும் வைத்தியரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். இல்லாத வருத்தத்தை எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள். இன்றைக்கு ஒரு ஊசிக் காசுக்காக எழுதிய பொய், நாளைக்கு ‘முன்பே இருந்த நோய்’ என்று உங்கள் நாயின் தலையிலேயே விழும்.

இன்னொரு கேள்வி முகவரிடம்: ஊசி போட்டு ஒவ்வாமை வந்தாலோ, கருத்தடை ஒப்பரேசனில் தையல் பிரிந்தாலோ அந்தச் செலவு யாருடையது? சில பத்திரங்கள் தரும். சில பத்திரங்கள், விலக்கப்பட்ட ஒரு வேலையிலிருந்து வந்த சிக்கலும் விலக்கு என்று சொல்லும். ஒப்பரேசனுக்கு முன்னால் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது: மேலதிகத் திட்டம் வாங்கலாமா

வெல்னஸ் திட்டம் என்பது ஒவ்வொரு தடுப்பு வேலைக்கும் வருடத்துக்கு இவ்வளவு என்று உச்சத்தொகை போட்ட ஒரு பட்டியல். பெரும்பாலும் எக்செஸ் கிடையாது, பில்லைக் காட்டினால் அந்த உச்சம் வரை தருவார்கள். பாவிக்காத தொகை அடுத்த வருடத்துக்குச் சேராது.

இதற்கு உங்கள் சீஆர் கொப்பி போதும். கற்பனையாக ஒரு கணக்கு: திட்டத்தின் வருடக் கட்டணம் 12,000. ஊசிக்கு உச்சம் 4,000, பூச்சி மற்றும் உண்ணி மருந்துக்கு 3,000, பரிசோதனைக்கு 2,000, கருத்தடைக்கு 5,000. கூட்டினால் 14,000, லாபம் மாதிரித்தான் தெரியும். ஆனால் உங்கள் நாய்க்குக் கருத்தடை ஏற்கெனவே செய்தாயிற்று என்றால் அந்த 5,000 உங்களுக்கு இல்லை. எல்லாவற்றையும் முழுதாகப் பாவித்தாலும் 9,000தான் திரும்பி வரும், கட்டுவது 12,000. விசர் ஊசியை இலவச முகாமில் போடுகிறவருக்கு இன்னும் குறையும்.

என் அபிப்பிராயம் இது. குட்டிக்கு முதல் வருடம், ஊசிகளும் கருத்தடையும் ஒன்றாக வரும்போது, கணக்குச் சரிவந்தால் வாங்கலாம். இரண்டாம் வருடம் புதுப்பிக்கும்போது அந்தப் பகுதியை மட்டும் கழற்ற முடியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வளர்ந்த நாய்க்கு டின்னே போதும், காப்புறுதிக் காசைப் பெரிய விபத்துக்கும் நோய்க்கும் வையுங்கள். ஆனால் டின்னில் உள்ள காசை வேறெதற்கோ எடுத்துவிட்டு ஊசித் திகதியைத் தள்ளிப்போடும் ஆள் நீங்கள் என்றால், ஏற்கெனவே கட்டிவிட்டோமே என்ற எண்ணமே உங்களை வைத்தியரிடம் கூட்டிப்போகும். அதற்காக வாங்குவதையும் நான் குறை சொல்லமாட்டேன்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சில கிளினிக்குகளும் கடைகளும் விற்கும் வருடாந்தப் பராமரிப்புப் பொதி காப்புறுதியே அல்ல, அது முற்கூட்டிக் கட்டிய கட்டணம். நாய் வாகனத்தில் அடிபட்டால் அதில் ஒரு சதமும் வராது. அமெரிக்காவில் மாநிலக் காப்புறுதி ஆணையாளர்களின் தேசியச் சங்கம் 2022இல் உருவாக்கிய மாதிரிச் சட்டம், இத்தகைய வெல்னஸ் திட்டங்களைக் காப்புறுதி என்ற பெயரில் விற்கக் கூடாது என்று சொல்கிறது. அங்கேயே அவ்வளவு குழப்பம் என்றால் நாம் இரண்டு தரம் கேட்பதில் தப்பில்லை. ‘இது காப்புறுதியா, பராமரிப்புப் பொதியா? எந்தக் கொம்பனியின் பெயரில் பத்திரம் வரும்?’ என்று கேளுங்கள். இலங்கையில் காப்புறுதி விற்பவர்கள் 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும்.

ஆறாவது: பில் வாங்கும்போதே கிளெய்ம் தொடங்குகிறது

பெரும்பாலும் முதலில் நீங்கள் கட்டி, பிறகு கொம்பனியிடம் திரும்ப வாங்குவீர்கள். ஆகவே காப்புறுதி இருந்தாலும் அவசரத்துக்கு டின்னில் கொஞ்சம் காசு இருக்கத்தான் வேண்டும். பெரிய ஒப்பரேசனுக்குப் பேராதனை மிருக வைத்தியபீட ஆஸ்பத்திரி வரை போகவேண்டி வந்தால் வாகனக் கூலியே ஒரு தொகை. அது பொதுவாக எந்தப் பத்திரத்திலும் வராது.

பற்றுச்சீட்டில் மொத்தத் தொகை மட்டும் எழுதி வாங்காதீர்கள். பார்வைக் கட்டணம், ஊசி, குளிசை, பரிசோதனை ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக இருக்கவேண்டும். திகதி, வைத்தியரின் முத்திரை, பதிவு இலக்கம் எல்லாம் இருக்கவேண்டும். ஒரே நாளில் காயத்துக்கு மருந்தும் போட்டு வழமை ஊசியும் போட்டால் இரண்டையும் வேறு வேறு பற்றுச்சீட்டாக வாங்குங்கள். ஒன்றாகக் கிடந்தால் முழுவதையும் ‘வழமை’ என்று தள்ளிவிட வழி கொடுத்ததாகிவிடும்.

மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள், எந்த நிபந்தனையின் கீழ் என்று இலக்கத்தோடு. முதலில் கொம்பனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். அதிலும் சரிவராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி இருக்கிறார், ஆணைக்குழு இருக்கிறது. அப்போதுதான் அந்த அட்டையின் வட்ஸ்அப் படங்கள் கைகொடுக்கும்.

ஏழாவது, மிகச் சின்னது

அட்டை, காப்புறுதிப் பத்திரம், பில் மூன்றிலும் பிராணியின் பெயர், பிறந்த மாதம், நிறம், கடுவனா பெட்டையா என்பது ஒரே மாதிரி இருக்கவேண்டும். அட்டையில் ‘டொமி’, பில்லில் ‘நாய்க்குட்டி - கறுப்பு’ என்று இருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபிக்க நீங்கள் அலையவேண்டும்.

தம்பி நேற்று குட்டியை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனான். ஏழு கிழமைதான் என்று வைத்தியர் சொன்னாராம். பூச்சி மருந்து கொடுத்து, முதல் ஊசியும் போட்டு, ஸ்டிக்கரும் ஒட்டியாகிவிட்டது. அடுத்த திகதி மூன்று கிழமைக்குப் பிறகு. அட்டையைக் காட்ட வந்தவனிடம் பார்த்தேன், பெயர் என்ற இடம் மட்டும் காலி. “இண்டைக்கே எழுது” என்றேன். வாசற்படியில் இருந்து பேனையைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். அப்புறம் குட்டியைத் தூக்கி முகத்தைப் பார்த்துவிட்டு, ‘உவரி’ என்று எழுதினான்.